கார்வெட் சி5-இல் முன் ஏர் டேம் இல்லையா? பார்த்து, வாங்கி, நாமே மாட்டும் முறை

செவ்ரோலே கம்பெனியின் ஐந்தாம் தலைமுறை ஸ்போர்ட்ஸ் காரான பழைய கார்வெட் சி5 ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், அல்லது வாங்குவதற்காகப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். பெயின்ட் நன்றாக இருக்கிறது, ஹெட்லைட் இரண்டும் ஒழுங்காக எழுந்து மடங்குகின்றன, எஞ்சின் சத்தத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரி, இப்போது வண்டிக்கு முன்னால் போய் முட்டி போட்டு, பம்பருக்கு அடியில் பாருங்கள். முன் சக்கரங்களுக்கு முன்னால், ரேடியேட்டருக்குக் கீழே, வளைந்து கொடுக்கும் கறுப்புப் பட்டை ஒன்று தரையை நோக்கித் தொங்க வேண்டும். அதுதான் ஏர் டேம். 1997 முதல் 2004 வரை வந்த சி5-களில் அது பாதி உடைந்தோ முழுக்கக் காணாமலோ ஓடும் வண்டிகள் அமெரிக்காவில் நிறைய.

எப்படிக் காணாமல் போகிறது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. பார்க்கிங் இடங்களில் சக்கரத்தை நிறுத்தப் போட்டிருக்கும் கான்கிரீட் கட்டையின் மேல் மூக்கை ஏற்றி நிறுத்துவார்கள்; ரிவர்ஸ் எடுக்கும்போது கட்டை பட்டையைப் பிடித்து இழுத்துவிடும். பனிக்காலத்தில் சாலையில் உறைந்து கிடக்கும் கட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். சிலர் வேண்டுமென்றே கழற்றி எறிந்திருப்பார்கள். ஒவ்வொரு மேட்டிலும் அடி தட்டுகிறதே, இது எதற்கு என்ற நினைப்பு.

எதற்கு என்றால், அது கூலிங் அமைப்பின் ஒரு பாகம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் எளிது. இது அழகுக்கு வைத்த பாகம் இல்லை. ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு; கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) என்ற வரிசையில் வைக்க வேண்டியது. அது இல்லாத வண்டி சூடாகிறது என்று மெக்கானிக்கிடம் போனால், நேரம் எடுத்து அடியில் பார்க்காதவர் முதலில் தெர்மோஸ்டாட், பிறகு வாட்டர் பம்ப், பிறகு ரேடியேட்டர் என்று மாற்றிக்கொண்டே போவார். பணம் போகும், சூடு போகாது.

அடியிலிருந்து மூச்சு விடும் வண்டி

சாதாரணக் காரின் முகத்தில் கிரில் இருக்கும். ஓடும்போது காற்று அதன் வழியாக நேராக ரேடியேட்டருக்குள் போகும். சி5-இன் முகத்தில் ரேடியேட்டருக்கான கிரில் கிடையாது. மூக்கு தாழ்வானது, மூடியது. அதன் காற்றுத் தடைக் குணகம் 0.29 என்ற அளவுக்குக் குறைந்ததில் இந்த மூடிய மூக்குக்கும் பங்கு உண்டு. ரேடியேட்டருக்கு வேண்டிய காற்று பம்பருக்கு அடியில் இருக்கும் திறப்பு வழியாக மேலே ஏற வேண்டும்.

ஆனால் காற்று தானாக மேலே ஏறாது. 70 மைல் வேகத்தில் போகும்போது அது வண்டிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு பின்னால் ஓடத்தான் பார்க்கும். திறப்புக்குப் பின்னால் தொங்கும் ஏர் டேம் அதை மறிக்கிறது. மறித்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது. காற்று வேறு வழியில்லாமல் மேலே ஏறி, முதலில் ஏசி கண்டென்சரையும் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம்) பிறகு ரேடியேட்டரையும் கடக்கிறது. அதோடு முடியவில்லை. பட்டைக்குப் பின்புறம், அதாவது எஞ்சினுக்கு அடியில், அழுத்தம் குறைகிறது. ரேடியேட்டரைக் கடந்து சூடான காற்று அந்தப் பக்கமாக உறிஞ்சப்பட்டு வெளியேறுகிறது. முன்னால் தள்ளுவதும் பின்னால் இழுப்பதும் ஒரே பட்டை. அதை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.

சி5-இன் வேகம் கூடிய வகையான இசட்06 வைத்திருப்பவர்கள், எங்கள் வண்டி பம்பரில் வலை போட்ட திறப்பு இருக்கிறதே என்பார்கள். அது எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றுக்காக வைத்தது. ரேடியேட்டரைப் பொறுத்தவரை அவர்களுக்கும் இதே கதைதான். 1984 முதல் 1996 வரை வந்த சி4 கார்வெட், 1982 முதல் 2002 வரை வந்த கமாரோ, ஃபயர்பேர்ட் வண்டிகளும் பெரும்பாலும் இப்படி அடியிலிருந்தே காற்று எடுப்பவை. அவற்றின் பாகங்களும் போல்ட் இடங்களும் வேறு. ஆனால் கீழே சொல்லும் முறை ஏறக்குறைய பொருந்தும்.

சூடு எப்போது ஏறுகிறது?

பாகம் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்கள். சி5-இல் இதற்கு வசதி இருக்கிறது. டாஷ்போர்டில் உள்ள கேஜஸ் என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே போனால், கூலன்ட்டின் வெப்பநிலை எண்ணாகவே திரையில் வரும். முள்ளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

முதலில் எது இயல்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வீண் பயம். தெர்மோஸ்டாட் 187 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் திறக்கும். நல்ல நிலையில் உள்ள வண்டி நெடுஞ்சாலையில் 190 முதல் 205 வரை இருக்கும். செல்சியஸில் 88 முதல் 96. நகர நெரிசலில் நின்று நின்று போகும்போது 220-ஐத் தாண்டும். கம்பெனி வைத்த கணக்குப்படி, ஏசி போடாதபோது ஃபேன் மெதுவாகச் சுழல ஆரம்பிப்பதே சுமார் 226-இல், அதாவது 108 செல்சியஸில். வேகமாகச் சுழல்வது 235 வாக்கில். எனவே சிக்னலில் 222 காட்டுகிறதே என்று பதற வேண்டாம். அது அப்படித்தான்.

ஏர் டேம் இல்லாத வண்டி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். நகரத்துக்குள் பெரிய குறை தெரியாது, ஏனென்றால் அங்கே காற்றை இழுப்பது ஃபேன். நெடுஞ்சாலையில் ஏறி 65, 70 மைல் வேகத்தில் ஏசியோடு போனால் எண் மெல்ல ஏறும்: 210, 220, 230. வேகம் கூடக் கூட ஏறும். வேகத்தைக் குறைத்து வெளியேறும் வழியில் இறங்கினால், ஃபேன் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ள, எண் இறங்கும். வேகத்தில் சூடு, மெதுவில் குளிர்ச்சி என்று இருந்தால் காற்றுப் பாதையில்தான் கோளாறு. மெதுவில் சூடு, வேகத்தில் குளிர்ச்சி என்றால் ஃபேனையோ அதன் ரிலேயையோ பாருங்கள். இரண்டிலும் சூடு என்றால் கூலன்ட் குறைவு, அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும்; அல்லது நான் கீழே சொல்லப்போகும் குப்பையாக இருக்கலாம்.

சோதிக்கும்போது எண் 240-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்துவிட்டு ஓரம் கட்டுங்கள். சி5-இல் உள்ள எல்எஸ்1 எஞ்சினின் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். அதிகச் சூட்டை அவை மன்னிப்பதில்லை.

முந்தைய உரிமையாளர் 160 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டிருப்பதாகப் பெருமையாகச் சொல்லியிருந்தால், கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சிலர் வேறு காரணத்துக்காகப் போடுவார்கள், தவறில்லை. ஆனால் நெடுஞ்சாலைச் சூட்டுக்கு அது மருந்து ஆகாது. தெர்மோஸ்டாட் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்பதுதான் மாறும். 220-இல் எந்தத் தெர்மோஸ்டாட்டும் ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கும். அதற்கு மேல் சூட்டை வெளியேற்ற வேண்டியது காற்று.

வாங்கப் போகும் வண்டி என்றால், ஓட்டிப் பார்க்கும்போது கட்டாயம் நெடுஞ்சாலையில் ஏற்றுங்கள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் இந்தக் குறை கண்ணில் படவே படாது. பட்டை இல்லை என்று தெரிந்தால் விலை பேசும்போது சொல்லுங்கள். பட்டையின் விலைக்காக இல்லை, அது இல்லாமல் எவ்வளவு நாள் சூட்டில் ஓடியதோ என்ற கேள்விக்காக.

என்ன வாங்குவது

சி5-இன் ஏர் டேம் மூன்று துண்டு: நடுத்துண்டு ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. தனித்தனியாகவும் கிடைக்கும், மூன்றும் சேர்ந்த செட்டாகவும் கிடைக்கும். பெரும்பாலும் உடைவது நடுத்துண்டு. ஓரத்துண்டுகள் இருக்கின்றன என்றால் அவற்றைக் கையால் வளைத்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்து விறைத்திருந்தாலோ போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தாலோ செட்டாகவே வாங்கிவிடுங்கள். ஒரே வேலையை இரண்டு முறை படுத்துக்கொண்டு செய்வதற்கு அது மேல்.

கம்பெனிப் பாகம், வெளிக் கம்பெனிகள் செய்யும் மாற்றுப் பாகம் இரண்டும் உண்டு. மாற்றுப் பாகத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு: ஓட்டைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா, பொருள் வளைந்து கொடுக்கிறதா. ஓட்டை தள்ளியிருந்தால் டிரில் போட்டுச் சமாளிக்கலாம். விறைப்பான பிளாஸ்டிக்கைச் சமாளிக்க வழி இல்லை. அது முதல் மேட்டிலேயே உடையும். ஜங்க்யார்டில் கழற்றிய பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் வண்டியில் உடைத்த அதே மேடுகள் அந்த வண்டியிலும் உரசியிருக்கும்.

போல்ட்டும் நட்டும் சேர்த்து வாங்குங்கள். இதைப் பலர் மறந்துவிட்டு, வண்டியைத் தூக்கி வைத்த பிறகு கடைக்கு ஓடுவார்கள். பட்டையைப் பிடித்து வைப்பவை சிறிய போல்ட்களும், விளிம்பில் செருகி நிற்கும் யு வடிவ கிளிப் நட்களும். பட்டை பிய்ந்து போகும்போது இந்த நட்களில் சிலவும் கூடவே போயிருக்கும்; மிஞ்சியவை துருப்பிடித்திருக்கும். அகலமான வாஷர் ஒரு பிடி இருந்தால் நல்லது.

இன்னொன்று, பம்பரின் முன் விளிம்பில் ஒட்டும் அல்லது திருகும் ஸ்ப்ளிட்டர்கள் சந்தையில் ஏராளம். பார்க்கப் பந்தயக் கார் மாதிரி இருக்கும். அவை காற்றுத் திறப்புக்கு முன்னால் இருக்கும் அலங்காரம். ஏர் டேம் திறப்புக்குப் பின்னால் இருக்கும் தடுப்பு. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது. ஸ்ப்ளிட்டர் போட்டு ஏர் டேம் இல்லாத வண்டிகளையும் பார்க்கலாம். காசு தவறான இடத்தில் போயிருக்கிறது.

தூக்கும் வேலை

மொத்த வேலையிலும் ஆபத்து உள்ள கட்டம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சமதளமான கான்கிரீட் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

ஏர் டேம் வண்டியின் முன்கோடியில் இருப்பதால் உடல் முழுக்க அடியில் நுழைய வேண்டியதில்லை. தலையும் இரண்டு கையும் போனால் போதும். அதற்கு ராம்ப் போதுமானது. ஆனால் கடையில் விற்கும் சாதாரண ராம்ப்பின் சரிவு சி5-க்குச் செங்குத்து. சக்கரம் ராம்ப்பைத் தொடுவதற்கு முன்பே பம்பர் இடிக்கும். அதனால் ராம்ப்புக்கு முன்னால் தடிமனான மரப்பலகையைப் போட்டு, சக்கரத்தை முதலில் பலகையில் ஏற்றி, மூக்கு உயர்ந்த பிறகு ராம்ப்பில் ஏற்ற வேண்டும். இரண்டு, மூன்று பலகைகளைப் படி மாதிரி அடுக்கி ஆணியடித்து, ராம்ப்பே இல்லாமல் வேலையை முடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒல்லியான ஆளுக்கு அந்த உயரமே போதும்.

ஜாக் வைத்துத் தூக்குவதாக இருந்தால் இடம் பார்த்து வைக்க வேண்டும். சி5-இன் பாடி கலவைப் பொருளால் ஆனது. தரைப்பலகையின் நடுவே பால்சா மரம் வைத்த அடுக்கு. அங்கே ஜாக்கை வைத்தால் நசுங்கும். இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் ஃபிரேமில், முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும், தூக்குவதற்கென்றே நீள்வட்ட ஓட்டைகள் இருக்கின்றன. அந்த ஓட்டையில் பூட்டிக்கொள்ளும் வட்டமான ரப்பர் கட்டை (பக்) தனியாக விற்கிறார்கள். வாங்கி மாட்டிக்கொண்டு அதன் கீழ்தான் ஜாக்கைக் கொடுக்க வேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் ஜாக் வைக்கத் தோதாகத் தெரியும். வைக்காதீர்கள். வண்டி எடையை அது தாங்காது, போதாக்குறைக்கு நாம் பட்டை மாட்டப்போவதே அந்தப் பகுதியில்தான். இந்த வண்டியோடு கம்பெனி ஜாக் எதுவும் வராது. பஞ்சரானாலும் ஓடும் டயர் என்பதால் ஸ்டெப்னியும் ஜாக்கும் கொடுக்கவில்லை. உயரம் குறைந்த ஃப்ளோர் ஜாக் ஒன்றுதான் இதன் அடியில் நுழையும்.

ஜாக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. ஜாக் ஸ்டாண்டு வைத்து, வண்டியை அதன் மேல் இறக்கி, கையால் ஒருமுறை நன்றாக உலுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் நுழையுங்கள். பேட்டரி, வயர் என்று வேறு எதையும் கழற்ற வேண்டியதில்லை.

கருவிகள் அதிகம் வேண்டாம். சிறிய மில்லிமீட்டர் சாக்கெட் செட். 7-உம் 10-உம் அடிக்கடி கை தேடும். சின்ன ராட்செட், ஒரு நீட்டிப்புக் கம்பி, துரு இளக்கும் எண்ணெய், இடுக்கி, டார்ச். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மல்லாந்து படுத்துத் துருவைச் சுரண்டினால் அது விழும் இடம் கண்தான்.

பழையதைக் கழற்றுவது, அடிப்பகுதியைப் பார்ப்பது

பட்டை இல்லாத இடத்திலும் அதன் மிச்சங்கள் இருக்கும்: வாஷரில் சிக்கிய பிளாஸ்டிக் துணுக்கு, பாதி வெளியே நிற்கும் போல்ட், வளைந்த கிளிப். எல்லாவற்றுக்கும் எண்ணெய் அடித்துவிட்டுக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு திருகினால் போல்ட்டோடு கிளிப்பும் சேர்ந்து சுற்றலாம். அப்போது கிளிப்பை இடுக்கியால் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகுங்கள். மரை தேய்ந்து வழுக்கினால் போராட வேண்டாம், கிளிப்பை வெட்டி எடுத்துவிடுங்கள். புதிதுதான் கையில் இருக்கிறதே.

அப்புறம் பட்டையைத் தாங்கும் இடத்தைப் பாருங்கள். கான்கிரீட் கட்டை பட்டையைப் பிய்த்தபோது அது பிடித்திருந்த ஷ்ரௌடின் (பிளாஸ்டிக் உறையின்) விளிம்பையும் சேர்த்துக் கிழித்திருக்கலாம். ஓட்டை இருந்த இடமே கிழிந்திருந்தால் புதுப் பட்டையை எதில் மாட்டுவது? கிழிசல் சிறிதென்றால் அகலமான வாஷர் சமாளிக்கும். பெரிதென்றால் அந்த ஷ்ரௌடையும் மாற்றுவதுதான் முறை. பாகம் வரும் வரைக்கும், மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றை உள்பக்கமாக வைத்து, கிழியாத இடங்களில் பிடித்து ஓட்டலாம். நீளமான இரும்புச் சட்டத்தைப் போட்டு அசையாமல் இறுக்கும் யோசனையை மட்டும் தவிருங்கள். அடுத்த இடியில் பட்டை மடங்காது. அதற்கு மேலே இருக்கும் ரேடியேட்டர் தாங்கியே வளையும்.

குப்பை

வண்டி தூக்கியிருக்கும்போதே இதையும் பார்த்துவிட வேண்டும். விட்டுவிட்டால் புதுப் பட்டை மாட்டியும் பாதிப் பலன்தான்.

அடியிலிருந்து காற்றை எடுக்கும் வண்டி சாலையையும் சேர்த்து எடுக்கும். சருகு, பஞ்சு, பிளாஸ்டிக் பை, பூச்சி, மணல் எல்லாம் மேலே ஏறி முதலில் கண்டென்சரின் முகத்தில் படியும். அதைத் தாண்டியவை கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் விழுந்து அங்கேயே தங்கிவிடும். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் அந்த இடுக்கு மெத்தை போல அடைந்திருப்பது சாதாரணம். கீழிருந்து டார்ச் அடித்துக் கண்டென்சரின் முகத்தைப் பாருங்கள். பிறகு மேலிருந்து, ரேடியேட்டரின் மேல் விளிம்பில், இடுக்குக்குள் எட்டிப் பாருங்கள்.

கண்டென்சர் முகத்தில் இருப்பதை மிருதுவான பிரஷ்ஷாலும் வாக்குவம் கிளீனராலும் எடுக்கலாம். இடுக்கில் இருப்பதை எடுக்க, தோட்டக் குழாயில் மென்மையாகத் தண்ணீர் விட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தள்ள வேண்டும், உள்ளே வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவது மாதிரி. பிரஷர் வாஷர் வேண்டாம். ரேடியேட்டரின் ஃபின்கள் எனும் மெல்லிய தகடுகளை அது தட்டையாக மடக்கிவிடும், மடங்கிய ஃபின் வழியாகக் காற்று போகாது. மிக மோசமாக அடைந்திருந்தால் ரேடியேட்டரையே சாய்த்து எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிவரும். அது வேறு நாள் வேலை.

ரேடியேட்டரின் இரு பக்கமும் மேலும் கீழும் காற்று ஒழுகாமல் அடைக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளும் நுரைப் பட்டைகளும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். காற்று சோம்பேறி. ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போக ஓர் இடைவெளி கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையவே நுழையாது. விட்டுப்போன நுரைப் பட்டைக்குப் பதில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், கதவு இடுக்கு அடைக்கும் ஒட்டு நுரையை வெட்டி ஒட்டலாம். பார்க்கச் சுமாராக இருந்தாலும் வேலை செய்யும்.

மாட்டுவது

பெட்டியில் சுருண்டு வந்த பட்டைகளை வெயிலில் சிறிது நேரம் விரித்து வையுங்கள். இளகி நேராகும். பிறகு வண்டிக்கு முன்னால் தரையில் மூன்றையும் அவை மாட்டும் வரிசையில் பரப்புங்கள். எது இடம், எது வலம், எந்தப் பக்கம் முன்னோக்கும் என்பதைப் படுப்பதற்கு முன்னாலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். அடியில் போனபின் இடம் வலம் குழம்பும்.

புது கிளிப் நட்களை ஒவ்வோர் ஓட்டைக்கும் நேராகச் செருகுங்கள். நட்டின் மரையும் விளிம்பின் ஓட்டையும் ஒன்றாக நிற்கிறதா என்று ஒரு போல்ட்டை வெறும் கையால் உள்ளே விட்டுப் பாருங்கள். கையால் இரண்டு சுற்று ஏறவில்லை என்றால் கோணலாகப் போகிறது. ராட்செட்டை எடுத்தால் மரை கெடும்.

நடுத்துண்டிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் நடுவில் உள்ள ஒரு போல்ட், பிறகு இரண்டு கோடியிலும் ஒவ்வொன்று, எல்லாமே தொளதொளவென்று. பட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போது மற்ற போல்ட்களைக் கையால் ஏற்றுங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கடைசி ஓட்டை தள்ளி நிற்கும், அதற்காக எல்லாவற்றையும் மறுபடி தளர்த்த வேண்டிவரும். நடுத்துண்டு நின்றபின் ஓரத்துண்டுகள். ஓரத்துண்டும் நடுத்துண்டும் சேரும் இடத்தில் இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அங்கே விரல் நுழையும் சந்து இருந்தால் காற்றும் நுழையும்.

எல்லாம் ஏறியபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டே வாருங்கள். எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் புதியவர்கள் கை தவறும். வாஷர் பட்டையில் பதிந்து, பட்டை அசையாமல் நின்றால் போதும். வாஷரைச் சுற்றிப் பிளாஸ்டிக் பிதுங்கினால் அதிகம். அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். பவர் கருவி வேண்டாம், கைராட்செட் போதும்.

ஒரு ஓட்டை எதற்குமே பொருந்தவில்லை, கிளிப்பும் நிற்கவில்லை என்றால் தடிமனான நைலான் ஜிப் டை போட்டுக் கட்டலாம். பலர் முழுப் பட்டையையுமே அப்படிக் கட்டி ஓட்டுகிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் வேகத்தில் காற்று அழுத்தும்போது பட்டை பின்னால் மடங்கக் கூடாது. நாலு ஜிப் டையில் தொங்கும் பட்டை 70 மைலில் கதவு மாதிரி திறந்துகொள்ளும். பார்க்க இருக்கும், வேலை செய்யாது. கையால் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கீழ்விளிம்பு வளைய வேண்டும், மேல்விளிம்பு அசையக் கூடாது.

இறக்குவதற்கு முன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஓரத்துண்டு டயரில் படவில்லை என்று பாருங்கள். பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்கள் இருந்தால் அவை நசுங்காமல் இருக்க வேண்டும். தொங்கும் வயர் ஏதாவது இருந்தால் இப்போதே கட்டிவிடுங்கள். ராம்ப்பிலிருந்து இறங்கும்போதும் பலகை வேண்டும். மாட்டிய புதுப் பட்டையை ராம்ப்பின் நுனியிலேயே பிய்த்துக்கொள்வது எளிது.

பலன் தெரிகிறதா?

முதல் முறை சோதித்த அதே சாலை, அதே வேகம், ஏசி அதே நிலை. வெயிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். குளிர்ந்த மாலையில் ஓட்டிப் பார்த்து, ஆஹா இறங்கிவிட்டது என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை. கால் மணி நேரமாவது ஒரே வேகத்தில் ஓட்டி, எண் எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள். முன்பு 230-ஐ நோக்கி ஏறிய வண்டி இப்போது 200-ஐ ஒட்டி நின்றால் வேலை முடிந்தது.

குறையவே இல்லை என்றால் இப்போதுதான் மற்ற பாகங்களைச் சந்தேகப்பட வேண்டும். முதலில் கூலன்ட் அளவு. எஞ்சின் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சி5-க்கு உரியது ஆரஞ்சு நிற டெக்ஸ்-கூல், தண்ணீரோடு பாதிக்குப் பாதி. பச்சை நிறத்தில் வேறு எதையாவது முந்தையவர் கலந்திருந்தால் முழுவதையும் வடித்து, அலசி, மாற்றுவது நல்லது. அடுத்து ஏசியைப் போட்டு ஃபேன் இரண்டும் சுழல்கின்றனவா என்று பாருங்கள். அதற்கும் பிறகுதான் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், பம்ப். விலை குறைந்ததிலிருந்து விலை கூடியதற்குப் போகும் வரிசை இது. கடைக்காரர் சொல்லும் வரிசை வேறாக இருக்கலாம்.

இனி அதைக் காப்பாற்ற

பட்டை உரசும். உரசட்டும். வளைந்து கொடுப்பதற்காகவே அந்தப் பொருளில் செய்திருக்கிறார்கள். வீட்டு வாசல் சரிவில் இறங்கும்போது வரும் கரகர சத்தம் கேட்டுப் புது உரிமையாளர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். நாளடைவில் பழகிவிடும். சரிவில் நேராக இறங்காமல் கோணலாக, ஒரு சக்கரம் முன்னும் மறு சக்கரம் பின்னுமாக இறங்கினால் உரசல் பாதியாகும். முன்னோக்கி உரசும்போது பட்டை பின்னால் மடங்கித் தப்பிக்கும். ஆபத்து ரிவர்ஸில்தான்: கட்டையைத் தாண்டிப் போய், பின்னால் வரும்போது அது பட்டையை முன்னால் இழுக்கும். அதனால் கான்கிரீட் கட்டை உள்ள இடத்தில் சக்கரம் கட்டையைத் தொடும்வரை போகாமல் இரண்டடி முன்பே நிறுத்துங்கள், அல்லது வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக நிறுத்துங்கள்.

வண்டியைப் பிறரிடம் கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆயில் மாற்றும் கடையில், தானியங்கி கார் வாஷின் தண்டவாளத்தில், டோ டிரக்கின் சரிவில், வாலே பார்க்கிங்கில், எல்லா இடத்திலும் பட்டை போவதற்கு வாய்ப்பு உண்டு. டோ டிரக் என்றால் முழுப் படுக்கை உள்ளதாகக் கேளுங்கள், பலகை வைத்து ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அடியில் ஒருமுறை எட்டிப் பார்த்து, தளர்ந்த போல்ட்டை இறுக்கி, போன வாஷருக்குப் பதில் புதிது போடுங்கள். நடுத்துண்டு எப்படியும் சில வருடத்தில் மறுபடி தேய்ந்து போகும். தள்ளுபடி வரும்போது இன்னொன்றை வாங்கி ஷெட்டில் தட்டையாகப் படுக்க வைத்துவிடுங்கள். சுருட்டி வைத்தால் அதே சுருளோடு விறைத்துவிடும்.